காருக்குள் வரும் காற்று

தில்லியில் மே, ஜூன் மாதங்கள் கடும் வெயில் காலம். ராஜஸ்தான் பக்கமிருந்து அனல் காற்று வீசும். சில நாள் மாலையில் வானம் செம்மண் நிறமாக மாறிவிடும். புழுதிப் புயல் வரும். அங்குள்ள மக்கள் அதை 'ஆந்தி' என்கிறார்கள்.

நவம்பர் வந்தால் வேறு தொல்லை. குளிர் தொடங்கும். காற்று அசையாது. வண்டிப் புகை, ஆலைப் புகை, குப்பை எரிக்கும் புகை எல்லாம் சேரும். பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் அறுத்த பின் தாளுக்குத் தீ வைப்பார்கள். அந்தப் புகையும் வந்து சேரும். எல்லாம் ஊரின்மேல் போர்வை போலத் தங்கிவிடும்.

இந்தப் புழுதியிலும் புகையிலும் டாக்ஸி டிரைவர்கள் வேலை செய்கிறார்கள். ஒரு நாளில் 10 மணி நேரம், 12 மணி நேரம் காருக்குள் இருப்பவர்கள் உண்டு. ஒரு மனிதர் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை மூச்சு விடுகிறார். 10 மணி நேரத்தில் இது 9,000 முறை ஆகிறது. அத்தனை மூச்சும் காருக்குள் உள்ள காற்றுதான்.

அந்தக் காற்று சுத்தமாக இருக்க வேண்டாமா?

கண்ணாடியை ஏற்றினால் போதுமா?

"கண்ணாடியை ஏற்றிவிட்டோம். ஏசியைப் போட்டுவிட்டோம். இனிப் புழுதி வராது." பலர் இப்படி நினைக்கிறார்கள். இது பாதி உண்மைதான்.

காரின் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில் ஒரு சல்லடைத் தட்டு இருக்கும். வெளிக்காற்று அதன் வழியாகக் காருக்குள் வருகிறது. உள்ளே ஒரு காற்றாடி இருக்கிறது. மெக்கானிக்குகள் அதைப் புளோயர் என்பார்கள். அது காற்றை இழுத்துத் தள்ளுகிறது. காற்று ஏசியின் குளிர்ந்த குழாய்களைத் தொட்டு வருகிறது. பிறகு டிரைவரின் முகத்தில் வீசுகிறது.

காற்றோடு என்னென்ன வரும்? மண் வரும். மகரந்தத் தூள் வரும். டயர் தேய்ந்த தூள் வரும். கரி வரும். காய்ந்த இலையும் பூச்சியும்கூட வரும்.

இவற்றைத் தடுக்கக் காற்று வரும் வழியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. டீ வடிகட்டி இலைத் தூளைத் தடுப்பதுபோல இது புழுதியைத் தடுக்கிறது. இதைத்தான் கேபின் பில்டர் என்கிறார்கள். ஏசி பில்டர் என்றும் சொல்வார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் அளவில் இருக்கும். விசிறி மடிப்புபோல மடித்து மடித்துச் செய்திருப்பார்கள். மடிப்பு இருப்பதால் சிறிய இடத்தில் நிறையப் பரப்பு கிடைக்கிறது. நிறையப் புழுதியைப் பிடிக்கிறது.

காரில் இன்னொரு பில்டரும் உண்டு. அது பானெட்டுக்கு அடியில், எஞ்சின் பக்கம் இருக்கும். அது எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டுகிறது. அதை மாற்றினால் எஞ்சினுக்கு நல்லது. கேபின் பில்டரை மாற்றினால் மனிதருக்கு நல்லது. இரண்டும் வேறு வேறு.

எல்லாக் காரிலும் இருக்கிறதா?

இல்லை. இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய கார் அம்பாசடர். மாருதி 800 கார் 1983ஆம் ஆண்டு வந்தது. இந்த இரண்டு கார்களையும் செய்வது 2014ஆம் ஆண்டு நின்றது. இவற்றில் கேபின் பில்டர் கிடையாது. வெளிக்காற்று அப்படியே உள்ளே வரும்.

2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பல கார்களில் இந்தப் பில்டர் இருக்கிறது. சில கார்களில் பில்டர் வைக்க இடம் இருக்கும். ஆனால் பில்டர் இருக்காது. பிறகு வாங்கிப் போட்டுக் கொள்ள வேண்டும்.

பழைய காரை இரண்டாம் கையாக வாங்கியவர்கள் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. பழைய உரிமையாளர் பல வருடமாக மாற்றாமல் விட்டிருக்கலாம். கழற்றி எறிந்தும் இருக்கலாம்.

எப்போது மாற்ற வேண்டும்?

காருடன் தரும் கையேட்டில் கணக்கு இருக்கும். பல கம்பெனிகள் வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. அல்லது 15,000 கிலோமீட்டர், 20,000 கிலோமீட்டர் என்று சொல்கின்றன. புழுதி அதிகமான ஊர்களில் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். தில்லி, ஜெய்ப்பூர் போன்ற ஊர்களும் நிலக்கரி வெட்டும் தன்பாத் பகுதியும் இப்படிப்பட்டவை.

காரே சில அறிகுறிகளைக் காட்டும்.

காற்றாடியை முழு வேகத்தில் வைத்தாலும் காற்று மெல்ல வரும். சத்தம் மட்டும் அதிகமாக இருக்கும்.

ஏசியைப் போட்டதும் ஈரத் துணி நாறுவதுபோல ஒரு நாற்றம் வரும். ஈரமும் அழுக்கும் சேர்ந்து பூஞ்சை பிடித்திருக்கிறது என்று பொருள்.

மழை நாளில் முன் கண்ணாடியின் உள் பக்கம் ஆவி படியும். சீக்கிரம் போகாது. சாலை தெரியாது. இது விபத்தில் கொண்டுபோய் விடும்.

டேஷ்போர்டில் துடைத்த சிறிது நேரத்தில் மறுபடி தூசி படியும். பயணிகள் அடுக்குத் தும்மல் போடுவார்கள்.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? காற்றாடி மோட்டார் திணறும். தூசி தாண்டிப் போய் ஏசிக் குழாய்களில் படியும். குளிர்ச்சி குறையும். அந்தக் குழாய்களைச் சுத்தம் செய்யப் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். அந்தச் செலவு பில்டர் விலையைப்போலப் பல மடங்கு.

யார் மாற்றலாம்?

கார் ஓட்டத் தெரிந்த யாரும் மாற்றலாம். பெரும்பாலான கார்களில் கால் மணி நேர வேலை. பல கார்களில் ஸ்பேனர்கூட வேண்டாம். ஒரு டார்ச் லைட், ஈரத் துணி, பழைய செய்தித்தாள், முகத்தில் கட்ட ஒரு மாஸ்க் இருந்தால் போதும்.

முதலில் சரியான பில்டரை வாங்க வேண்டும். காருக்குக் கார் அளவு வேறு. ஒரே பெயருள்ள காரிலும் வருடம் மாறினால் அளவு மாறலாம். காரின் மாடலும், அது செய்யப்பட்ட மாதமும் வருடமும் ஆர்.சி.யில் எழுதியிருக்கும். அதைப் படித்துக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். பழைய பில்டரைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. நீளம், அகலம், கனம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

விலை பல கார்களுக்குச் சில நூறு ரூபாய்தான். சாதாரண பில்டர் வெள்ளையாக இருக்கும். இன்னொரு வகை சாம்பல் நிறமாக இருக்கும். அதில் கரித்தூள் சேர்த்திருப்பார்கள். அது நாற்றத்தையும் ஓரளவு தடுக்கும். விலை சற்றுக் கூடுதல்.

மாற்றும் முறை

பல கார்களில் பில்டர் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருபவரின் முழங்காலுக்கு எதிரே உள்ள பெட்டிதான் அது. சில கார்களில் பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே பார்க்க வேண்டும். எங்கே என்பது கையேட்டில் படமாகப் போட்டிருக்கும். டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் உள்ள பில்டரை மாற்றும் முறை இது:

1. காரைச் சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். காற்றாடி சுற்றும்போது கையை உள்ளே விடக் கூடாது.

2. பெட்டியில் உள்ள பொருள்களை எல்லாம் வெளியே எடுங்கள். காரின் தரையில் செய்தித்தாளை விரியுங்கள். மாஸ்க் கட்டிக் கொள்ளுங்கள்.

3. பெட்டியின் இரண்டு பக்கச் சுவரிலும் தடுப்பு இருக்கும். சுவர்களை உள்பக்கமாக அழுத்தினால் தடுப்பு விடுபடும். பெட்டி கீழே தொங்கும். சில கார்களில் ஒரு பக்கம் சிறு கயிறு அல்லது கம்பி இருக்கும். முதலில் அதைக் கழற்ற வேண்டும். சில கார்களில் மட்டும் திருகாணி இருக்கும்.

4. உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நீளமான பிளாஸ்டிக் மூடி தெரியும். அதன் ஓரத்தில் கொக்கி இருக்கும். கொக்கியை அழுத்தி மூடியை எடுங்கள். பழைய காரில் பிளாஸ்டிக் காய்ந்து போயிருக்கும். பலமாக இழுத்தால் உடைந்துவிடும். பொறுமை வேண்டும்.

5. இப்போது பில்டரின் ஓரம் தெரியும். இழுப்பதற்கு முன் நன்றாகப் பாருங்கள். அதில் ஓர் அம்புக் குறி இருக்கும். அது மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா? மனதில் வைத்துக் கொள்ளுங்கள். ஒரு தாளில் வரைந்தும் வைக்கலாம்.

6. பில்டரை மெதுவாக, சாய்க்காமல் வெளியே இழுங்கள். தட்டாதீர்கள். உதறாதீர்கள். உதறினால் புழுதி எல்லாம் மூக்குக்குள் போகும். செய்தித்தாளில் சுற்றி வையுங்கள்.

7. பில்டர் இருந்த இடத்தை ஈரத் துணியால் துடையுங்கள். காய்ந்த இலைகளைக் கையால் பொறுக்குங்கள்.

8. புதிய பில்டரை அதே திசையில் நுழையுங்கள். மடக்கி, நசுக்கி நுழைக்கக் கூடாது. சரியான அளவாக இருந்தால் சும்மா தள்ளினாலே போகும்.

9. மூடியைப் போடுங்கள். 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். பெட்டியை மறுபடி மாட்டுங்கள்.

10. எஞ்சினைப் போட்டுக் காற்றாடியை ஒவ்வொரு வேகத்திலும் வைத்துப் பாருங்கள். காற்று நன்றாக வந்தால் வேலை முடிந்தது. கடகட என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். ஏதாவது உள்ளே விழுந்திருக்கலாம்.

மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டுங்கள். அடுத்த முறை எப்போது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அம்புக் குறியைப் படியுங்கள்

பில்டரின் ஓரத்தில் உள்ள அம்புக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஏர் ஃப்ளோ' என்று இரண்டு சொற்கள் இருக்கும். காற்று போகும் திசை என்று அதற்குப் பொருள். சிலவற்றில் 'அப்' என்று மட்டும் இருக்கும். அந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று பொருள்.

அம்புக் குறியைப் படிக்க எந்த மொழியும் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் அவசரத்தில் பலர் அதைப் பார்ப்பதில்லை. தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். அப்போது பில்டர் சரியாக வேலை செய்யாது. பழைய பில்டரே தவறாகப் போடப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், கையேட்டில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

சிலர் பழைய பில்டரைத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மறுபடி போடுகிறார்கள். இது தவறு. கழுவினால் அதன் மெல்லிய இழைகள் கெட்டுப் போகும். சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கழுவலாம் என்று அட்டையில் எழுதியுள்ள பில்டரை மட்டுமே கழுவ வேண்டும்.

சிலர் பங்சர் கடையில் கொடுத்துக் காற்று அடிக்கிறார்கள். அழுத்தக் காற்று பில்டரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைப் போட்டுவிடும். மேலே வெள்ளையாகத் தெரியும். ஆனால் புழுதி உள்ளே போகும்.

சிலர் "காற்று நன்றாக வருகிறது" என்று பில்டரைக் கழற்றிவிட்டே ஓட்டுகிறார்கள். காற்று வரும். கூடவே எல்லாமும் வரும்.

நிறுத்தி வைத்த காரில் எலி கூடு கட்டுவது உண்டு. பில்டர்மேல் எலிப் புழுக்கை இருந்தால் உலர்ந்தபடி தட்டவோ பெருக்கவோ கூடாது. எலியின் கழிவிலிருந்து நோய் பரவும். கையுறை போடுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் நனைத்த பிறகு துடையுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பழைய பில்டரை எரிக்காதீர்கள். பையில் போட்டுக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

எதை நிறுத்தும், எதை நிறுத்தாது?

பில்டர் புழுதியை நிறுத்தும். மகரந்தத்தை நிறுத்தும். இலை, பூச்சியை நிறுத்தும்.

புகையில் மிக மிகச் சிறிய துகள்கள் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். புகைத் துகள்களில் பல 2.5 மைக்ரானைவிடச் சிறியவை. அவை நுரையீரலின் அடிவரை போகும். காற்றில் இவை எவ்வளவு இருக்கலாம் என்று இந்தியாவில் 2009ஆம் ஆண்டு அளவு வகுத்தார்கள். ஒரு கன மீட்டர் காற்றில், ஒரு நாள் சராசரியாக, 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். தில்லியில் குளிர் காலத்தில் இந்த அளவு பல மடங்கு தாண்டிவிடுவது உண்டு. சாதாரண பில்டர் இந்தச் சிறு துகள்களில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும்.

எனவே புகை அதிகமான சாலையில் இன்னொரு உதவியையும் பயன்படுத்தலாம். ஏசிப் பொத்தான்களில் கார் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். படத்தில் காருக்குள்ளேயே அம்பு வளைந்து திரும்பியிருந்தால், உள்காற்று உள்ளேயே சுற்றும் என்று பொருள். வெளியிலிருந்து அம்பு உள்ளே வந்தால், வெளிக்காற்று வரும் என்று பொருள். லாரிக்குப் பின்னால் நிற்கும்போது உள்காற்றை வைக்கலாம். ஆனால் மணிக்கணக்கில் அப்படியே விடக் கூடாது. விட்ட மூச்சே சுற்றிச் சுற்றி வரும். தூக்கம் வரும். கண்ணாடியிலும் ஆவி படியும். அவ்வப்போது வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும்.

உயிர் பறிக்கும் வாயு

பில்டர் நிறுத்தவே நிறுத்தாத ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. எஞ்சின் புகையில் அது இருக்கிறது. பெட்ரோல், டீசல், சி.என்.ஜி. எதுவானாலும் இருக்கும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. கண்ணுக்கும் தெரியாது. மூக்குக்கும் தெரியாது. புத்தம் புதிய பில்டர் போட்டாலும் வரும். கரித்தூள் பில்டர் போட்டாலும் வரும்.

சவாரிக்குக் காத்திருக்கும் டிரைவர்கள் காரிலேயே தூங்குவது உண்டு. வெயிலில் ஏசி வேண்டும். குளிரில் ஹீட்டர் வேண்டும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவார்கள். இப்படித் தூங்கிய பலர் எழுந்திருக்கவே இல்லை.

பழைய காரில் ஆபத்து அதிகம். புகைக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். கதவு ரப்பர் தேய்ந்திருக்கும். புகை மெல்ல உள்ளே கசியும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம்.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அசதி ஆகியவை இதன் அறிகுறிகள். காரில் இருக்கும்போது இவை வந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். கதவைத் திறந்து வெளிக்காற்றுக்கு வாருங்கள். மயங்கிக் கிடப்பவரைத் தூக்கி வெளியே கொண்டு வாருங்கள். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். மருத்துவமனைக்குத் தாமதமில்லாமல் போக வேண்டும்.

காரில் ஓய்வெடுக்க வேண்டுமானால் எஞ்சினை நிறுத்துங்கள். நிழலில் நிறுத்துங்கள். கண்ணாடிகளை இறக்குங்கள். பில்டர் மாற்றும்போதே புகைக் குழாயையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது.

பில்டர் சிறிய பொருள். அதை மாற்றுவது சிறிய வேலை. அது புழுதியிலிருந்து காக்கும். புகை வாயுவிலிருந்து காக்காது. அந்த வாயுவுக்கு நிறுத்திய எஞ்சினும் திறந்த கண்ணாடியும்தான் காவல்.

யோசித்துப் பாருங்கள்

1. எஞ்சின் பில்டருக்கும் கேபின் பில்டருக்கும் என்ன வேறுபாடு?

2. பில்டரில் அம்புக் குறி எதற்காக இருக்கிறது?

3. உங்களுக்குத் தெரிந்த டிரைவர் யாராவது காரில் தூங்குகிறாரா? அவரிடம் என்ன சொல்வீர்கள்?